நிறமா, இழையா: பெரியம்மாவின் 38 கிலோ உல்லன் நூலைப் பிரித்த கதை

பெரியம்மா போன பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த அவர் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு அலமாரி, கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டி, சமையலறையில் மூடி போட்ட ஒரு அரிசி வாளி, திறந்த இடமெல்லாம் நூல். மூட்டை மூட்டையாக எடை போட்டுக் கூட்டினால் 38 கிலோ. டர்பன் துணி ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மிச்ச நூல் மலிவாகக் கிடைத்தால் விடவே மாட்டார். "டர்பனில் குளிர்கால ஜூலையிலும் வெயில் அடிக்கிறது, யாருக்குப் பெரியம்மா இவ்வளவு?" என்று கேட்டால், "டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் பனி விழுகிறதே, அங்கே குளிராதா?" என்பார்.

எங்கள் கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு வருஷமும் மண்டேலா தினத்துக்காக, அதாவது ஜூலை 18க்காக, பெண்கள் கூடிப் போர்வை பின்னுகிறோம். 2013 டிசம்பரில் கரோலின் ஸ்டெய்ன் தொடங்கிய '67 பிளாங்கெட்ஸ்' இயக்கத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. மண்டேலா பொதுவாழ்வில் இருந்த வருஷங்களின் கணக்குதான் அந்த 67. பெரியம்மாவின் நூலை அங்கேயே இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். ஆனால் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? போன வருஷம் பாதியை நிறம் பார்த்துப் பிரித்தோம். இந்த வருஷம் மீதியை இழை பார்த்து, அதாவது ஆட்டுக் கம்பளியா அக்ரிலிக் என்ற செயற்கை இழையா என்று பார்த்துப் பிரித்தோம். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் இப்போது முழுக்க இழையின் பக்கம்.

நிறத்துக்கு உள்ள நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலை சீக்கிரம் முடியும். இரண்டே மணி நேரம், அதுவும் பிள்ளைகளே செய்தார்கள். மேசையில் மஞ்சளிலிருந்து ஊதா வரை அடுக்கியதும் மண்டபமே திருவிழா மாதிரி இருந்தது, வந்தவர்களும் ஆசையாக அள்ளிக்கொண்டு போனார்கள். உங்களிடம் இருப்பது எல்லாமே லேபிளோடு இருக்கும் ஒரே வகை அக்ரிலிக் என்றால் நிறம் மட்டும் போதும், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

எங்களிடம் இருந்தது அப்படி இல்லை. அந்த நூலில் நாங்கள் முதலில் முடித்தது ஒரு நீலப் போர்வை. 20 சென்டிமீட்டர் சதுரங்கள், வரிசைக்கு எட்டு, மொத்தம் 64. ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது அதை ஒரு பாட்டியின் கால்மாட்டில் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை. சில சதுரங்கள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி அட்டை மாதிரி விறைத்திருந்தன. பக்கத்துச் சதுரங்கள் பழைய அளவிலேயே நின்று, நடுவில் பொரித்த அப்பளம் போலக் கொப்புளித்திருந்தன. விரலால் நீவிப் பார்த்தேன், சுருங்கியதில் கண்ணியே தெரியவில்லை. பாட்டி அதைத்தான் போர்த்திக்கொண்டிருந்தார். பாதம் வெளியே தெரிந்தது.

இல்லத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பேருடைய படுக்கை விரிப்பை வெந்நீரில் மெஷினில் போட்டுச் சுடச்சுட உலர்த்தித்தான் ஆக வேண்டும். ஒரு போர்வையை மட்டும் தனியாகக் குளிர்ந்த நீரில் அலச அங்கே யாருக்கு நேரம்? தப்பு எங்களுடையது. ஆட்டுக் கம்பளி இழையின் மேல் மீன் செதிள் மாதிரி நுண்ணிய அடுக்கு இருக்கிறது. சூடும் சோப்பும் உராய்வும் சேர்ந்தால் செதிளோடு செதிள் மாட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. அக்ரிலிக்குக்கு அந்தச் செதிள் இல்லை. இரண்டும் ஒரே நீலமாக இருந்ததால் ஒரே போர்வைக்குள் போய்விட்டன.

அதனால் இந்த வருஷம் நாங்கள் முதலில் கேட்டுக்கொண்டது இதுதான்: இதை யார், எப்படித் துவைப்பார்கள்? அதற்குத் தகுந்த மாதிரி நூலைப் பிரித்தோம். லேபிள் போன நூல்தான் பெரும்பாலும் என்பதால், வீட்டு வாசலில் ஒரு அலுமினியத் தட்டை வைத்து விரல் நீளத் துண்டுகளை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தோம். கம்பளி முடி கருகும் வாடை அடித்துத் தானாகவே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்புக் குண்டுமணியாகக் கெட்டிப்படும். பருத்தி காகிதம் மாதிரி எரியும்.

ஆனால் நெருப்புச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மெஷினில் போட்டாலும் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி நூலும் இருக்கிறது, எரித்தால் அதுவும் முடி வாடைதான் அடிக்கும். அதைக் கண்டுபிடிக்க அக்கா சொன்ன வழியே இனி எனக்கு முதல் வழி. நூலை வெட்டி, இரண்டு முனைகளையும் இழை பிரித்து நனைத்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். உள்ளங்கைக்கு நடுவில் சூடேறும்வரை வேகமாகத் தேயுங்கள். பதப்படுத்தாத கம்பளியானால் இரண்டும் ஒட்டி ஒரே நூலாகிவிடும், இழுத்தாலும் லேசில் வராது. அக்ரிலிக்கோ பதப்படுத்திய கம்பளியோ வழுக்கிப் பிரிந்துவிடும். கையில் ஒட்டுகிற நூல் மெஷினிலும் ஒட்டும். கலப்பு நூல்களில் மட்டும் இந்தச் சோதனையைக்கூட நான் முழுசாக நம்ப மாட்டேன். சந்தேகமானவற்றில் ஒரு சின்னச் சதுரம் பின்னி, ஜீன்ஸோடு சேர்த்து வெந்நீரில் ஒரு சுற்று விட்டுப் பார்த்தோம்.

முழுசாக இரண்டு வார இறுதி போனது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலையைப் போய் இவ்வளவு இழுப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். அந்தப் பாட்டியின் பாதத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிரிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு பெட்டியில் பெரியம்மா பூச்சிக்காக நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தார். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டி நூல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பிள்ளைக் குல்லாவுக்குக் கூடாது என்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம். வெளிர் ரோஜா, வெளிர் நீலம் எல்லாம் அதில்தான் இருந்தன. நிறம் பார்த்துப் பிரித்திருந்தால் நேரே பிள்ளைகளுக்குத்தான் போயிருக்கும்.

இழைக்குப் பிறகு தடிமன். ஸ்கேலில் ஓர் அங்குலத்துக்கு இறுக்காமல் சுற்றிப் பார்த்தால் போதும்: ஏறக்குறைய 12 சுற்று வந்தால் டபுள் நிட் என்ற நடுத்தர நூல், 8 அல்லது அதற்கும் கீழே வந்தால் சங்கி என்ற தடித்த நூல். இதைக் கலந்தால் சதுரங்கள் அளவு மாறும். அப்புறம்தான் நிறம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: ஊசி, நூல், செய்முறைத் தாள் எல்லாம் சேர்த்து ஒரு பையாகக் கொடுப்பது. பத்துப் பைகள் மட்டும் போட்டோம். புதிதாகப் பின்னப் பழகும் பெண்களுக்கு அது வரப்பிரசாதம்தான். பழகிய கைகளோ பையைப் பிரித்துத் தங்களுக்கு வேண்டியதை மாற்றிக்கொண்டன. பத்துப் பையை வைத்து இதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

அக்ரிலிக்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்ல வரவில்லை. சீக்கிரம் சிறு சிறு உருண்டையாகத் திரளும், ஈரத்தில் கம்பளி அளவு கதகதப்புத் தராது. பெரிய பயம் நெருப்பு. பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பில் சமைத்துக் குளிர்காயும் தகரக் குடிசையில், உருகித் தோலில் ஒட்டும் போர்வையைவிட எளிதில் பற்றாத கம்பளிதான் நல்லது. அங்கே மெஷினும் கிடையாது, கையால்தான் துவைக்கிறார்கள். அதனால் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அக்ரிலிக், குடிசைகளுக்குக் கம்பளி என்று வைத்துக்கொண்டோம்.

கொஞ்சம் மோஹேரும், அதாவது அங்கோரா வெள்ளாட்டு மயிர் நூலும் இருந்தது. உலகத்தின் மோஹேரில் ஏறக்குறைய பாதி நம் நாட்டில்தான், அதிலும் பெரும்பகுதி கரூ என்ற வறண்ட பகுதிப் பக்கத்து ஆடுகளிலிருந்து கிடைக்கிறது. அதை வைத்து நான் ஒரே ஒரு சால்வைதான் பின்னியிருக்கிறேன். தப்பிவிட்டால் பிரித்து எடுப்பது பெரும்பாடு, உதிரும் மயிர் கைக்குழந்தையின் வாய்க்குள் போகும் என்பது மட்டும் நிச்சயம். அதைக் கை தேர்ந்த இரண்டு அக்காமார் பெரியவர்களின் சால்வைக்கென்று வாங்கிப் போனார்கள்.

கம்பளிப் போர்வை ஒவ்வொன்றின் மூலையிலும் இந்த வருஷம் ஒரு துணிச் சீட்டு தைக்கிறோம்: குளிர்ந்த நீரில் கையால் துவைக்கவும், நிழலில் விரித்துக் காயப்போடவும். ஆங்கிலத்தில் அக்கா எழுதினாள், ஜூலுவில் பக்கத்து வீட்டு அம்மா எழுதிக் கொடுத்தார். இதுவரை ஒன்பது போர்வைக்குத் தைத்தாயிற்று.