சலாம் சொன்னால் மியூட்: சாட் ஃபில்டரோடு குடித்தனம்

நாங்கள் ஆடும் ஆன்லைன் கேமின் புது அப்டேட்டில் சாட்டுக்கு ஒரு கெட்டவார்த்தை ஃபில்டர். அஸ்ஸலாமு அலைக்கும் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், முதல் மூன்று எழுத்தும் ஆங்கிலக் கெட்டவார்த்தை என்று நட்சத்திரமாகிவிடுகிறது. ஹசன் என்ற பெயரை இரண்டு எஸ் போட்டு எழுதுகிறவனுக்கும் அதே கதி. கீழக்கரைப் பையன்கள் நாலு பேர் ஸ்குவாட் (அணி) சேர்ந்தால், ஆட்டத்துக்கு முன் எல்லாரும் கூடும் லாபியில் முதல் வரியே நட்சத்திரம்தான். தொடர்ந்தால் எச்சரிக்கை, அப்புறம் ஒரு நாளைக்கு மியூட், சாட்டில் பேசவே முடியாது. அதே லாபியில் இன்னொருத்தன் அம்மாவை இழுத்துத் தமிழ்க் கெட்டவார்த்தையை ஆங்கில எழுத்தில் போடுகிறான். அது ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் பளிச்சென்று நிற்கிறது.

முழுச் சொல்லைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் தேடுவதால் வரும் வினை இது. பழைய வியாதி. 1996இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் இப்படி ஒரு ஃபில்டரை வைத்துத்தான், ஊர்ப் பெயருக்குள் ஒரு ஆங்கிலக் கெட்டவார்த்தை ஒளிந்திருக்கிறது என்று இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடாமல் செய்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே ஓட்டையோடு அப்டேட் விடுகிறார்கள் என்றால் என்ன சொல்ல!

ஷார்ஜாவில் இருக்கும் சாச்சா மகன் "கேமைத் திரும்ப போன்ல ஏத்தலாமா காக்கா?" என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். கிராஃபிக்ஸ், பிங் (நெட் தாமதம்) கதையெல்லாம் அவனுக்கே தெரியும்.

படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்தால் பையன்களுக்குள் இதுதான் சண்டை. ஃபில்டரையே தூக்கணும் என்கிறான் ஒருத்தன். சாட்டையே தூக்கு என்கிறான் இன்னொருத்தன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு ஆன்லைன் கேம் 2021 அக்டோபரில் எதிரணியோடு பேசும் சாட்டை அணைத்துப் பார்த்தது. சரி, டீமுக்குள் இருந்துகொண்டே திட்டுகிறவனை அது என்ன செய்யும்?

நியாயமாகச் சொல்லணும் என்றால், அப்டேட்டில் ஒரு நல்லதும் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களின் மைக் இப்போது தானாகவே அணைந்திருக்கிறது. ராத்தா மகள் முன்பெல்லாம் ஆண் பெயர் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் ஆடுவாள். இப்போது சொந்தப் பெயர். போன வாரம் "மாமா, மாடியில ரெண்டு பேரு, குனிங்க!" என்று கத்தி என்னைக் காப்பாற்றினாள். அந்த ஒரு சத்தத்துக்காகவே இந்த அப்டேட்டைத் திட்ட மனசு வரவில்லை, நேற்று வரை.

நேற்று பெருநாள் இரவு. வரிசையாக எல்லாருக்கும் சலாம் போட்டேன். மியூட், இந்த முறை மூன்று நாள். அப்பீல் போட்டால், சமூக விதிகளை மறுபடி படிக்கச் சொல்லிப் பதில் வருகிறது.

ஏத்தாதே தம்பி.