ஓ லெவல் தேர்வு கைகொடுக்காவிட்டால்: ஐடிஇயா, தனியார் டிப்ளோமாவா?

சிங்கப்பூரில் ஓ லெவல் தேர்வில் புள்ளி குறைந்தால்தான் நல்லது. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கான (பாலிடெக்னிக்) 26 புள்ளி வரம்பைத் தாண்டிவிட்டால், வீட்டில் முதலில் வரும் பேச்சு தனியார் டிப்ளோமாதான். நுழைவு எளிது, சீக்கிரம் முடியும். ஆனால் அரசாங்கக் கட்டண மானியம் இல்லை. பணம் முழுக்க அப்பா தலையில். தனியார் பள்ளிகளுக்கான எட்யூடிரஸ்ட் தரச் சான்றிதழ் உண்டா, எந்தப் பல்கலைக்கழகம் அந்த டிப்ளோமாவை ஏற்கிறது என்று நீங்களே விசாரியுங்கள், ஏஜெண்ட் சொல்வதை அல்ல.

என் ஓட்டு ஐடிஇக்கு, அதாவது அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு. சிமெய், அங் மோ கியோ, சுவா சூ காங் என மூன்று கல்லூரிகள். சிங்கப்பூரர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, பட்டறையில் கைவேலையும் உண்டு. சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த தீபாவளிக்குள் மறந்துவிடுவார்கள். காலம் கூடுதலாகும், உண்மைதான். ஆனால் ஐடிஇயின் உயர்நிலைச் சான்றிதழான ஹையர் நைடெக்கில் நல்ல ஜிபிஏ (தரப்புள்ளி சராசரி) எடுத்தால் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். சில படிப்புகளில் நேரே இரண்டாம் ஆண்டிலேயே சேர வாய்ப்புண்டு.