கறுப்பு டேப் சுற்றியிருந்தால் பிரித்துப் பாருங்கள்

லோரி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் லோரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று, மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு வண்டிப் பட்டறையில் 1,040 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். பேட்டரி இரண்டு 740, டெர்மினல் (பேட்டரி முனையில் கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப்) 180, கூலி 120. உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது டெர்மினலும் அதன் கேபிளும் மட்டும்தான். அதைத்தான் அவர்கள் உருப்படியாகச் செய்யவில்லை.

என்னுடையது மூன்று டன் லோரி. புக்கிட் மெர்தாஜாமில் காய்கறி ஏற்றி, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குக் கொண்டுபோகிறேன். சில வாரங்களாகவே காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தடவை திருப்பினால் எடுக்கும். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நெகட்டிவ் கிளாம்ப் கையால் திருகினாலே சுற்றியது. போமேனிடம், அதாவது பட்டறை மெக்கானிக்கிடம், அதைத்தான் காட்டினேன். அவர் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. “பேட்டரி செத்துப்போச்சுண்ணே, ரெண்டையும் மாத்தணும்” என்றார்.

24 வோல்ட் லோரியில் ஒன்று கெட்டால் ஜோடியாக மாற்றுவது வழக்கம்தான், அதனால் நானும் தலையாட்டிவிட்டேன். பழைய பேட்டரிக்கு 14 மாதம்தான் ஆகியிருந்தது என்பது வீட்டுக்கு வந்து ரெசிட்டைத் தேடி எடுத்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் பழைய இரண்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். பழைய பேட்டரியை ஈயத்துக்காகக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று லோரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். என் பில்லில் அதற்கு ஒரு வெள்ளிகூடக் கழிக்கவில்லை.

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, சௌராஸ்தா சந்தை அருகே சாமான் இறக்கி முடித்துச் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்ட் விளக்கு பளிச்சென்று எரிந்தது; ஸ்டார்ட் கொடுத்ததும் எல்லாம் அணைந்துவிட்டது. பின்னால் இரண்டு வேன், ஹாரன் மேல் ஹாரன். புது பேட்டரி போட்டவனுக்கு இந்த நிலைமை.

ஜெலுத்தோங்கில் வண்டி வயரிங் செய்யும் மாமா ஒருவரைக் கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளில் பையோடு வந்தார். முதலில் மீட்டர் வைத்தார்: 25.3 வோல்ட். “பேட்டரிக்கு ஒன்னும் இல்ல தம்பி.” அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள், இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருக்கும் ஈயக் குமிழின் தலையிலேயே வைத்தார். கிளாம்பின் மேல் அல்ல. இன்னொரு முள்ளைக் கேபிளின் செம்பில் குத்தினார். என்னை ஸ்டார்ட் கொடுக்கச் சொன்னார். 2.8 வோல்ட் காட்டியது. அந்த இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.2 வந்தாலே அவருக்குப் பிடிக்காதாம்.

ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் ஓடுகிற இடத்தில், ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். போகிற 3 வோல்ட் சூடாக மாறும். கிளாம்பைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

அப்புறம் பட்டறையில் கிளாம்புக்குப் பக்கத்தில் கேபிளில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். நாலு சுற்று, ஐந்து சுற்று, பிசுபிசுவென்று கறுப்பு டேப். உள்ளே கேபிளின் செம்பு இழைகள் பச்சையாக இருந்தன. பழைய அழுகலை வெட்டி எறியவே இல்லை, அதன் மேலேயே இரண்டு ஸ்குரூ வைத்த மலிவு கிளாம்பை மாட்டியிருக்கிறார்கள். கேபிள் தடிமன், கிளாம்பின் வாய் சின்னது. அதனால் ஓரத்து இழைகளைக் கட்டரால் நறுக்கிவிட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்காவது போயிருக்கும். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஏதோ மினுங்கியது. மாமா ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தார். குளிர்பானத் தகர டின்னிலிருந்து வெட்டிய பட்டை. எழுத்துகூட அழியவில்லை. நெகட்டிவ் குமிழ் பாசிட்டிவைவிடக் கொஞ்சம் சின்னது. பாசிட்டிவ் கிளாம்பை அதில் மாட்டிவிட்டு, ஆடாமலிருக்கத் தகரத்தைச் சொருகியிருக்கிறார்கள். 180 வெள்ளிக்கு!

மாமா முதலில் நெகட்டிவைக் கழற்றினார், பாசிட்டிவ் அப்புறம். பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டினார். மிச்சக் கேபிள் எட்டவில்லை என்று இழுத்துக் கட்டாமல், புதுக் கேபிளே போட்டார். கேபிள் முனையில் மாட்டும் உலோக லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டினார். குமிழ்களைச் சோடா மாவு கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்து, அந்தந்தக் குமிழின் அளவுக்கேற்ற டெர்மினலை இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினார். இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற குட்டைக் கேபிளைப் பட்டறைக்காரர்கள் தொட்டே பார்க்கவில்லை. அதிலும் பச்சை, அதையும் மாற்றினார். திரும்ப அளந்தபோது 0.1. மொத்தம் 160 வெள்ளி. ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கித் தந்தேன், அதற்கு மேல் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

தகரத்தையும் பழைய கிளாம்பையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். “வேற யாரோ கை வச்சிருக்காங்க, நாங்க பொறுப்பு இல்ல” என்று சொல்லிவிட்டார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். அது சொந்தத் தேவைக்கு வாங்குபவர்களுக்கானது, பிழைப்புக்கு ஓட்டும் லோரிக்குப் பொருந்தாது. ஆனால் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு போடலாம், வக்கீல் தேவையில்லை. லோரி என் பெயரில்தான் இருக்கிறது; வழக்குக்கான பாரத்தை (படிவத்தை) எழுதிக்கொண்டிருக்கிறேன். டேப் பிரிக்கும்போது மாமா சொல்லிப் படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

வழக்கு முடியும்வரை பட்டறைப் பெயரை இங்கே போடவில்லை, கேட்காதீர்கள். பிறையில் அண்மையில் டெர்மினல் மாற்றியவர்கள் இன்றைக்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே தகரம் கிடைத்தால், கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.