அங்கன்வாடி விளையாட்டும் எல்.கே.ஜி. எழுத்துப் பயிற்சியும்

மூன்று வயது நிறைந்த பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புவதா, தனியார் நர்சரியில் சேர்ப்பதா என்ற கேள்வி எழும்போது, நோட்டு நிறைய எழுதிவரும் பிள்ளையே படிக்கிறது என்று பெற்றோர் பலர் எண்ணிவிடுகிறார்கள்.

நான்கு கோடு நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதும் பிள்ளைக்குக் கைவலிதான் மிச்சம். விரல்களின் சிறுதசைகள் அந்த வயதில் இன்னும் உறுதிப்பட்டிருப்பதில்லை. களிமண் பிசையும்போதும் மணி கோக்கும்போதும் அதே விரல்கள் எழுதுவதற்குத் தாமாகவே பழகுகின்றன. எண்களைக் கற்பதும் அப்படித்தான்: நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொன்னால் தடுமாறுவதுண்டு, பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளையோ, சொல்லும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கொட்டை என்பதைக் கையாலேயே அறிந்துகொள்கிறது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில், முன்பருவக் கல்வியோடு ஊட்டச்சத்தும் எடை கண்காணிப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. நர்சரியில் வேன் வசதியும் ஆங்கிலப் பழக்கமும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர் பதிவேடுகளையும் பிள்ளைகளையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருப்பதால், சில இடங்களில் விளையாட்டு நேரம் சுருங்கிவிடுவது உண்மையான குறை. அவ்வாறு சுருங்காத மையம் வீட்டருகே இருந்தால், என் பிள்ளையைத் தயங்காமல் அங்கேதான் சேர்ப்பேன்.