ஒரே விளக்கின் கீழ் ஆறு மடிக்கணினிகள்: லைஃபை தொகுதி ஒன்றின் மதிப்புரை

விளக்கொளி வழியாகக் கம்பியில்லா இணையத் தொடர்பு தரும் லைஃபை கருவிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே ஒரு மடிக்கணினியை விளக்குக்கு நேர் கீழே வைத்து, வேகத்தை அளந்து, அத்துடன் முடிந்துவிடுகின்றன. ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்காக யாரும் கூரையில் இவ்வளவு செலவு செய்வதில்லை. ஆகவே, எங்கள் அலுவலகக் கூட்ட அறையில் பொருத்தப்பட்டுள்ள தொகுதியை மதிப்பிடும்போது, ஒரு விளக்கின் வெளிச்சத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் நேரத்தில் அது எவ்வாறு இயங்குகிறது என்பதையே முதன்மையாகக் கவனித்தேன். அந்த அளவில் இது மனமாரப் பாராட்டத்தக்க பொருள். இரு விளக்குகளின் எல்லையில் மட்டும் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

அமைப்பு எளிமையானது. கூரையிலுள்ள எல்இடி விளக்கு ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு முனையாகச் செயல்படுகிறது. மடிக்கணினியில் யுஎஸ்பி வழியாக ஒரு சிறிய ரிசீவரைச் செருக வேண்டும். தரவு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கீழிறங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் மேலே செல்கிறது. மேசைக்கு மேசை கண்ணைக் கூசும் விளக்கு எரிவதை யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால் இது சரியான முடிவே. வெள்ளை எல்இடியின் மஞ்சள் பாஸ்பர் பூச்சு மெதுவாகவே ஒளிர்ந்து அடங்குவதால், அதன் இயல்பான பண்பேற்ற அலையகலம், அதாவது தரவை ஏற்றுவதற்காக ஒளியை மாற்றக்கூடிய வேகத்தின் வரம்பு, 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ்தான். ரிசீவரில் நீல ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி வைத்தால் அது ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் வரை உயரும். கையிருப்பு இவ்வளவுதான் என்னும்போது, அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் கருவியின் தரம் இருக்கிறது.

வைஃபையில் ஒவ்வொரு கருவியும் அலைவரிசை காலியாக உள்ளதா என்று முதலில் கவனித்துவிட்டே பேசத் தொடங்குகிறது. ஒளியில் இந்த முறை தடுமாறும். என் ரிசீவரின் அகச்சிவப்புக் கற்றை நேராகக் கூரைக்குப் போகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் ரிசீவருக்கு அது தெரிவதே இல்லை. இருவரும் காலியென்று எண்ணி ஒரே நேரத்தில் அனுப்பினால், இரண்டும் கூரையில் மோதிக்கொள்ளும். ஒளிவழித் தொடர்புக்காக ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2011இல் வெளியிட்ட 802.15.7 தரத்திலேயே, போட்டியிட்டு இடம்பிடிக்கும் பகுதியோடு, முன்கூட்டியே உறுதிசெய்யப்படும் நேரத்துண்டுகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தத் தொகுதி பின்பற்றுவது, வீட்டுக் கம்பிகள் வழியே தரவு அனுப்புவதற்கான ஜி.எச்என் தரத்திலிருந்து கிளைத்த, ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.9991 தரத்தை. இதில் கூரையிலுள்ள தலைமை முனை, ஒவ்வொரு சுழற்சிக்கும் யார் எப்போது அனுப்பலாம் என்ற அட்டவணையைத் தயாரித்து அனைவருக்கும் அறிவிக்கிறது.

இதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. ஒரே விளக்கின் கீழ் ஆறு மடிக்கணினிகள் இருந்தன. ஒருவர் காணொலி அழைப்பில் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பெரிய கோப்புகளைப் பதிவிறக்கத் தொடங்கினர். கோப்புகளின் வேகம் அவரவர் பங்குக்குக் குறைந்ததே தவிர, அழைப்பில் குரல் ஒருமுறைகூட உடையவில்லை. ஒரு ரிசீவரை உள்ளங்கையால் மூடியதும் அதன் சிறுவிளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. சற்று நேரத்தில் மற்றவர்களின் பதிவிறக்கம் விரைவுபெற்றது. விட்டுப்போன பங்கை வீணாக்காமல் உடனே பிரித்துக்கொடுக்கும் இந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

எல்லைப் பகுதியில்தான் சிக்கல். நீண்ட மேசையின் நடுவில், இரண்டு விளக்குகளின் வெளிச்சமும் சமமாக விழும் இருக்கையில் அமர்ந்தால், வேகம் சரிவதோடு, இணைப்பு இந்த விளக்குக்கும் அந்த விளக்குக்குமாக மாறிமாறித் தாவுகிறது. இரண்டு தலைமை முனைகளும் ஒன்றுக்கொன்று கலந்து பேசாமல் தனித்தனியே அட்டவணை போடுவதே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. விளக்குகளைத் தள்ளிப் பொருத்துமாறு விற்பனையாளர் ஆலோசனை கூறினார். ஆனால் எழுத்து, கணினி வேலைகளுக்கு இஎன் 12464-1 என்ற ஐரோப்பியத் தரம் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) ஒளியை, அதுவும் சீராகப் பரவியதாகக் கேட்கிறது. சீரான வெளிச்சம் வேண்டுமென்றால் கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும். ஆகவே தீர்வு கூரையை மாற்றுவதில் இல்லை, விளக்குகளுக்கிடையே நேரத்தை ஒருங்கிணைக்கும் மென்பொருளில்தான் இருக்கிறது. அதை நிறுவனம்தான் தர வேண்டும்.

ரிசீவர் இல்லாத விருந்தினர் எவரும் இணைய முடியாது என்பதையும் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும். 2023இல் வெளிவந்த ஐஇஇஇ 802.11பிபி தரம், வைஃபையின் அணுகல் விதிகளையே 800 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக்குக் கொண்டுவந்துள்ளது. அத்தரத்தில் வரும் கருவிகளுடன் இந்த ரிசீவர்கள் பேசாது. ரேடியோ அலைகளைத் தவிர்க்க வேண்டிய இடங்களிலும், இருக்கைகள் நிலையாக உள்ள அறைகளிலும் மேசைக்கு ஒரு விளக்கு என்ற கணக்கில் இதைத் தாராளமாக வாங்கலாம். செயல்விளக்கத்துக்கு ஆள் வரும்போது, எல்லா இருக்கைகளையும் நிரப்பி, இரு விளக்குகளுக்கு நடுவிலுள்ள நாற்காலியில் நீங்கள் அமர்ந்துகொள்ளுங்கள்.