மாலத்தீவு போகிறீர்களா? இமுகா படிவத்துக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்

மாலத்தீவுக்கு டிக்கெட் போட்ட கையோடு கூகுளில் "மாலத்தீவு விசா" என்று தேடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலே வரும் விளம்பரத்தைத் தட்டினால், அரசு முத்திரை மாதிரி ஒன்று, கடல் படம், "இப்போதே விண்ணப்பிக்க" என்ற பொத்தான் எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், ஹோட்டல் பெயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று கேட்பார்கள். குழந்தைக்கும் தனிப் படிவம் என்பதால் நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு மடங்கு போய்விடும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்கவே வேண்டாம். மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் அனுமதி முத்திரை குத்துவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. நாம் முன்னதாகச் செய்ய வேண்டியது 'இமுகா' என்ற பயணி விவரப் படிவம் மட்டுமே. அதுவும் இலவசம்.

போலியைக் கண்டுபிடிக்க முகவரியைப் பாருங்கள். https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக 'ஜி.ஓ.வி புள்ளி எம்.வி' (.gov.mv) என்று முடிந்தால்தான் அரசுத் தளம். ஜி.ஓ.வி நடுவில் வந்து, கடைசியில் டாட் காம் என்று முடிந்தால் போலி.

அடுத்த அடையாளம் தேதி. உண்மையான படிவத்தை விமான நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள்தான் அனுப்ப முடியும். பதினைந்து நாள் முன்பே "உங்கள் விசா தயார்" என்று மின்னஞ்சல் வந்தால், அந்தத் தாள் எதற்கும் உதவாது. இது தெரியவருவதே செக்-இன் கவுண்டரில், வரிசையில் நிற்கும்போதுதான். திரும்பி வரும்போதும் இதே படிவம் உண்டு என்பதால் அதற்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள்.

சில ஏஜென்டுகள் பச்சை வரி, புறப்பாட்டு வரி என்று முன்பணம் கேட்பார்கள். பச்சை வரி என்பது சுற்றுலாப் பயணிகளுக்கான சுற்றுச்சூழல் வரி; அதை ஹோட்டல்தான் பில்லில் சேர்த்து வாங்கும். தங்குமிடத்தைப் பொறுத்து ஒரு இரவுக்கு ஆளுக்கு 6 அல்லது 12 டாலர். புறப்பாட்டு வரி டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடுகிறது.

பாஸ்போர்ட் குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். ஆனால் சில விமான நிறுவனங்கள் ஆறு மாதம் கேட்கும், அதனால் ஆறு மாதம் இருப்பதே நல்லது. உறுதியான திரும்பும் டிக்கெட்டும் ஹோட்டல் முன்பதிவும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் புது எண்ணையே படிவத்தில் போடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? உடனே வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்கச் சொல்லுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகாரும் கொடுங்கள். இந்தியாவில் இருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழையுங்கள். போலித் தளத்தில் நிரப்பியது குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த 96 மணி நேரத்துக்குள் உண்மையான தளத்தில் மறுபடியும் நிரப்பி, வரும் கியூஆர் குறியீட்டை போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.