அமெரிக்க அரசியலமைப்பின் வேர்: மேக்னா கார்ட்டாவா, 1689 உரிமைச் சட்டமா?

இரண்டுமே இங்கிலாந்து ஆவணங்கள்: மேக்னா கார்ட்டா 1215இல் மன்னர் ஜான் ஏற்ற சாசனம்; உரிமைச் சட்டம் 1689இல் நாடாளுமன்றம் இயற்றியது. எதை முதலில் படிப்பது என்று குழம்புகிறவர்களுக்கு:

வாசிக்க: 1215 சாசனம் லத்தீன், 63 பிரிவுகள். தேம்ஸ் ஆற்றில் மீன்பிடி அடைப்புகளை அகற்றுவதுவரை போகிறது; பொறுமை வேண்டும். 1689 சட்டம் ஆங்கிலம், சில பக்கங்கள்தான்.

யாருக்கு: முன்னது 'சுதந்திர மனிதருக்கு' (பண்ணையடிமை அல்லாதவருக்கு). பின்னதில் ஆயுத உரிமை புராட்டஸ்டன்ட்களுக்கு மட்டும்.

தடயம்: 'நாட்டுச் சட்டப்படியன்றிச் சிறையில்லை' என்னும் 1215 சாசனத்தின் 39ஆம் பிரிவு அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் உருமாறி நிற்கிறது. 1689இன் 'அளவுமீறிய ஜாமீன் கூடாது, கொடூரத் தண்டனை கூடாது' என்ற வரியோ அமெரிக்காவின் வர்ஜீனியா 1776இல் வெளியிட்ட உரிமைப் பிரகடனம் வழியாக 1791இல் எட்டாம் திருத்தத்துக்கு ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் 1689ஐ எடுங்கள். மன்னரையே சட்டத்துக்குள் கொண்டுவந்த கதை வேண்டுமென்றால் 1215.